சீசன் டிக்கெட்டை எதிரணி ரசிகருக்கு விற்றால் துரோகமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான். 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும் மேட்ச்களுக்கு, மொத்தமாக முன்கூட்டியே வாங்கிய சீசன் டிக்கெட் அவரிடம் இருக்கிறது. மஞ்சள் சட்டை போடும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி சென்னைக்கு ஆட வரும் நாளன்று பார்த்து அக்காவுக்கு வளைகாப்பு. புதுச்சேரியில் இவரோடு வேலை பார்க்கும், பிளாஸ்டர்ஸ் ரசிகரான மாஹேக்காரர் ஒருவர், "மூணு மடங்கு தர்றேன், எனக்குக் கொடு" என்கிறார். கூட மேட்ச் பார்க்கும் நண்பர்களோ, "மஞ்சள் சட்டைக்காரனுக்கு நம்ம சீட்டா? நீயெல்லாம் ரசிகனா?" என்று வாட்ஸ்அப்பில் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்களாம். விற்கலாமா, சட்டப்படி தப்பா, விற்றால் துரோகமா என்று கேட்கிறார்.

கொடுக்கலாம். மூன்று மடங்குக்கு வேண்டாம். உங்கள் இருக்கை எந்த ஸ்டாண்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கொடுக்கவே கூடாது என்றும் சொல்வேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு.

எங்கள் அப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இருபது வருடத்துக்கு மேல் பாரிஸ் புறநகரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருடம் ஒரு கால்பந்து கிளப்பில் சீசன் டிக்கெட் வைத்திருந்தேன். அங்கே அதை ஆபொன்மான் என்பார்கள். இப்போது முத்தியால்பேட்டையில் வீடு, சாயங்காலமானால் பெத்தாங், அதாவது இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சு விளையாட்டு. கால்பந்து டிவியில் மட்டும்.

சீசன் டிக்கெட் என்பது கிளப்புக்கு முன்பணம். சீசன் தொடங்கும் முன்பே காசு கைக்கு வந்துவிடுகிறது. மழை பெய்தாலும், அணி தொடர்ந்து உதை வாங்கினாலும், அந்த இருக்கை விற்றது விற்றதுதான். ரசிகருக்கு அது தள்ளுபடி. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: பத்து மேட்ச்சுக்கு 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மேட்ச்சுக்கு 300. அதே இருக்கை தனியாக வாங்கினால் 500. மாஹேக்காரர் தருவதாகச் சொல்வது 1,500. ஒரே நாளில் பாதி சீசன் காசு திரும்பி வந்துவிடும். இப்படி இரண்டு பெரிய மேட்ச்சை விற்றால் மீதி எட்டும் ஓசி. இந்தக் கணக்கை மனசுக்குள் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்காத சீசன் டிக்கெட்காரரை நான் பார்த்ததில்லை. போட்டுப் பார்ப்பதில் தப்பும் இல்லை.

ஆனால் மேட்ச் பெரிதாக ஆக, அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவர் எதிரணி ரசிகர்தான். உள்ளூர்க்காரருக்கு இதை விட்டால் இன்னும் ஒன்பது மேட்ச் இருக்கிறது. அவருக்கு உங்கள் ஊரில் வருடத்துக்கு ஒன்றுதான். விலைக்கு விட்டால் டிக்கெட் தானாகவே அந்தப் பக்கம் ஓடும். அவர்களுக்கென்று முறைப்படி ஒதுக்கும் இடமோ சொற்பம். ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில், அங்கே கால்பந்தை நடத்தும் அமைப்பான யூஇஎஃப்ஏவின் விதிப்படி மைதானக் கொள்ளளவில் 5 சதவீதம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 3,000 இருக்கை அல்லது கொள்ளளவில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அது. மீதிப் பேர் எங்கே போவார்கள்? உங்களை மாதிரி வளைகாப்பு வைத்திருப்பவரைத் தேடித்தான்.

என் கதைக்கு வருகிறேன். கிளப் பேர் வேண்டாம். 17-ம் வரிசை, 22-ம் இருக்கை. இடப்பக்கம் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர், அவரையடுத்து அவர் பேத்தி. வலப்பக்கம் ஒரு ரொட்டிக்கடைக்காரர். விடியற்காலை எழுந்து மாவு பிசைந்த மனிதர், முதல் பாதியில் பாதி நேரம் தூங்குவார். பெரியவர் பச்சை நிறத் தெர்மாஸ் ஒன்றில் காபி கொண்டுவருவார். இடைவேளையில் அதன் மூடியில் ஊற்றி எனக்கும் நீட்டுவார். எட்டு வருடம் இப்படி. அவர் குடும்பப் பேர் எனக்குத் தெரியாது. என் பேரை அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மேட்ச்சுக்கு நான் போகாவிட்டால், அடுத்த முறை "உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்.

ஒரு நவம்பர் சனிக்கிழமை எனக்கு வேலை மாட்டிக்கொண்டது. அப்போது போனில் டிக்கெட் எல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் கார்டுதான். கூட வேலை பார்த்தவரின் மச்சான், அன்றைக்கு எங்களோடு ஆட வந்த அணியின் ரசிகர். கேட்டார். 25 யூரோ இடத்துக்கு 45 வாங்கிக்கொண்டு கார்டைக் கொடுத்தேன். "அமைதியா இருப்பேன்" என்றார். இருந்தார் என்றுதான் கேள்வி, 79 நிமிஷம் வரை. கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல். 80-வது நிமிஷத்தில் அவர்கள் அணி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. கோட்டு திறந்தது. உள்ளே ஜெர்சி. மனிதர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியிருக்கிறார். காலடியில் இருந்த தெர்மாஸ் உருண்டு, காபி பேத்தியின் வெள்ளைக் கையுறை முழுக்க. நல்லவேளை, ஆறியிருந்தது. பின்வரிசையிலிருந்து நாலு பேர் எழுந்து வர, காவலர்கள் வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

கார்டு என் பேரில் இருந்ததால் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு மேட்ச்சுக்கு நுழைவு நிறுத்தம். அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மூன்றாவது மேட்ச்சுக்குப் போனேன். பெரியவர் வழக்கம்போலக் கை கொடுத்தார். இடைவேளையில் தெர்மாஸைத் திறந்தார். தனக்கு ஊற்றிக்கொண்டார், பேத்திக்கு ஊற்றினார், மூடிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மூடி மறுபடி என் பக்கம் வர மார்ச் மாதம் ஆனது. கையில் மிஞ்சிய இருபது யூரோவுக்கு நான் விற்றது என் இருக்கையை மட்டும் இல்லை, அந்த மூன்று பேருடைய சாயங்காலத்தையும் சேர்த்து என்று அந்தக் குளிர்காலத்தில்தான் உறைத்தது.

என்னுடையது ஒரு இருக்கை. இதையே ஆயிரக்கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பார்சிலோனாதான் உதாரணம். 2022 ஏப்ரல் 14. நமக்கு சித்திரை ஒன்று, தமிழ்ப் புத்தாண்டு; அவர்களுக்குப் பெரிய வியாழன், மறுநாள் புனித வெள்ளி. ஊரே விடுமுறைக்குக் கிளம்பியிருக்கும் வாரம். யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கிளப் கோப்பையில் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரே ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட். முதல் ஆட்டம் 1-1. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு முறைப்படி ஒதுக்கியது 5,000 டிக்கெட். கேம்ப் நூ மைதானத்துக்குள் அன்றைக்கு இருந்த அவர்களுடைய ரசிகர்கள் சுமார் 30,000 பேர். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைச் சட்டை.

அத்தனை பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? பார்சிலோனாவில் ஒரு ஏற்பாடு உண்டு. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் உறுப்பினர் வர முடியாவிட்டால், இருக்கையைக் கிளப்பிடமே விட்டுவிடலாம். கிளப் அதை வேறொருவருக்கு விற்று, வருமானத்தில் ஒரு பங்கை உறுப்பினருக்குத் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணையத்தில் வாங்குபவர் எந்த ஊர்க்காரர், எந்த அணிக்காரர் என்று யார் பார்த்தார்கள்? இது போக, தங்கள் டிக்கெட்டை நேரடியாகவே கைமாற்றிவிட்ட உறுப்பினர்களும் உண்டு. ஆட்டம் 3-2 என்று ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் போனது. பார்சிலோனாவின் இரண்டு கோலும் ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, கூடுதல் நிமிடங்களில் வந்தவை. வெறுத்துப்போன உள்ளூர் ஆதரவுக் கூட்டம், இரண்டாம் பாதி தொடங்கும்போது தங்கள் இடத்தைக் காலியாக விட்டு எதிர்ப்புக் காட்டியது. கிளப் தலைவர் லபோர்த்தா வெட்கமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதன் பிறகு சர்வதேசப் போட்டிகளுக்குப் பேர் பதிந்த டிக்கெட்தான் என்று அறிவித்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் அந்த வருடம் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது வேறு கதை.

அந்த உறுப்பினர்களைத் துரோகி என்று திட்டியவர்கள் ஏராளம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. புனித வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போனவர் இருக்கையைக் கிளப்பிடமே ஒப்படைத்திருக்கிறார். யாருக்கு விற்பது என்று பார்க்க வேண்டியது கிளப். விற்பனையில் பங்கும் வேண்டும், மைதானம் முழுக்க நம் நிறமும் வேண்டும் என்றால் எப்படி? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதே சமயம், கூடுதல் காசுக்காகத் தானே தேடிப்போய் எதிரணிக்காரருக்கு விற்றவரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நான் அந்த 45 யூரோ ஆள் என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆடுவது வேறு ஃபுட்பால், ஆனால் நோய் இதே நோய். 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, சான் பிரான்சிஸ்கோ 49-இயர்ஸை எதிர்த்துச் சொந்த மைதானத்தில் ஆடியபோது, எதிரணி ரசிகர்களின் சத்தத்தில் தங்கள் ஆட்டக்காரர் கொடுக்கும் குரல் தங்களுக்கே கேட்காமல் சைகையில் ஆட வேண்டியிருந்தது. அதே மாதம் அதே எதிரணியோடு மறுபடி அதே மைதானத்தில் மோத வேண்டி வந்ததும், சுற்றுவட்டார முகவரிக்காரர்களுக்கு மட்டும்தான் டிக்கெட் என்று அறிவித்துப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை, தளர்த்திவிட்டார்கள். ஏற்கெனவே டிக்கெட் வைத்திருப்பவர் மறுவிற்பனைத் தளத்தில் போட்டால் எந்த முகவரியைப் பார்த்து நிறுத்த முடியும்?

அவ்வளவு தூரம் எதற்கு. 2023 ஏப்ரலில் கொல்கத்தா ஈடன் கார்டனில் சிஎஸ்கே ஆடியபோது மைதானம் முழுக்க மஞ்சளாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தோனியே, எனக்கு வழியனுப்ப வந்திருக்கிறார்கள், அடுத்த முறை கொல்கத்தா ஜெர்சியில் வருவார்கள் என்கிற மாதிரி சொன்னார். அந்தப் படங்களை நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அதில் எத்தனை இருக்கை கொல்கத்தாக்காரர்களுக்கு உரியது என்று யாராவது கேட்டோமா? நாம் போனால் "படை வருது", அவர்கள் வந்தால் "ஊடுருவல்". மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உங்கள் வாட்ஸ்அப் நண்பர்களிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள் தம்பி.

சரி, சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் படித்திருக்கிறேன்.

இங்கிலாந்தில்தான் கெடுபிடி அதிகம். 1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசல். அதில் இறந்தவர்கள் 97 பேர். அதற்குக் காரணம் டிக்கெட் விற்பனை இல்லை. போலீசின் தவறுகளைத்தான் 2016-ல் மரண விசாரணை நடத்திய ஜூரி சுட்டிக்காட்டியது. ஆனால் அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கை மைதானப் பாதுகாப்பை அடியோடு அலசியபோது, இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைப்பதை பிளாக் டிக்கெட் எப்படிக் கெடுக்கிறது என்பதும் பேச்சுக்கு வந்தது. 1994-ல் வந்த குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி, கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பதே குற்றம். லாபம் வைத்தீர்களா என்ற கேள்வியே கிடையாது; போட்ட விலைக்கு விற்றாலும் குற்றம்தான். பாட்டுக் கச்சேரி டிக்கெட்டுக்கு இந்தச் சட்டம் இல்லை, கால்பந்துக்கு மட்டும். அவர்கள் பயந்தது விலையைப் பார்த்து இல்லை, யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதைப் பார்த்துத்தான்.

பிரான்சில் 2012 மார்ச்சில் வந்த சட்டத்தில் "வழக்கமாக" என்று ஒரு சொல் இருக்கிறது. ஏற்பாட்டாளரின் அனுமதி இல்லாமல் வழக்கமாக டிக்கெட் விற்பவருக்கு 15,000 யூரோ வரை அபராதம், மறுபடி சிக்கினால் 30,000. எப்போதோ ஒரு தடவை விற்ற என் மாதிரி ஆளைத் தேடி அந்தச் சட்டம் வராது. ஆனால் கிளப்பின் விதி வரும், வந்தது.

நம் நாட்டில் விளையாட்டு டிக்கெட் மறுவிற்பனைக்கென்றே இங்கிலாந்து மாதிரி தனியான மத்தியச் சட்டம் இல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 112-வது பிரிவைப் பாருங்கள். கும்பலாகச் செய்யும் சிறு குற்றங்களின் பட்டியலில் திருட்டு, வழிப்பறி, சூதாட்டம், வினாத்தாள் விற்பனை, இவற்றோடு அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பதும் இருக்கிறது. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. குறி வைத்திருப்பது கும்பலை. கூட வேலை பார்ப்பவருக்கு ஒரு டிக்கெட் கொடுப்பவரை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் டிக்கெட்டோடு வந்த விதிமுறை. பொடி எழுத்தில் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். மாற்றிக் கொடுக்கலாமா, கொடுத்தால் ஆப் வழியாக மட்டும்தானா, லாபத்துக்கு விற்றால் ரத்து செய்வார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இப்போது ஸ்டாண்ட். இதுதான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கும் விஷயம். 2010 பிப்ரவரியில் பாரிஸில் நடந்ததைச் சொல்கிறேன். பாரிஸ் அணியான பிஎஸ்ஜிக்கும் மார்சேய்க்கும் மேட்ச். எலியும் பூனையும் மாதிரியான அணிகள். ஆனால் அன்றைக்கு மைதானத்துக்கு வெளியே அடித்துக்கொண்டவர்கள் பிஎஸ்ஜி ரசிகர்களும் பிஎஸ்ஜி ரசிகர்களும். பூலோஞ் ஸ்டாண்ட்காரர்களும் ஒத்தேய் ஸ்டாண்ட்காரர்களும். அதில் அடிபட்ட ஒரு ரசிகர் மார்ச்சில் இறந்துபோனார். கிளப் அந்த இரண்டு ஸ்டாண்டிலும் சீசன் டிக்கெட்டையே நிறுத்தியது. ஒரே அணி, ஒரே நிறம்; அப்படியும் இவ்வளவு. இந்த மாதிரி ஸ்டாண்டில் எதிரணிக்காரரைக் கொண்டுபோய் உட்கார வைப்பது அவருக்கே ஆபத்து.

சென்னை நேரு ஸ்டேடியத்தில் இந்த அளவுக்கு எதுவும் இல்லை. நம் ஊர்க் கூட்டம் கத்துவதோடு சரி. ஆனாலும் பி ஸ்டாண்ட் புளூஸ் மாதிரி ரசிகர் குழுக்கள் மேளமும் பதாகையுமாக 90 நிமிஷம் நின்றுகொண்டே பாடும் பகுதி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் இருக்கை அங்கே என்றால், மாஹேக்காரருக்குக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். காசு வாங்காமல்கூட வேண்டாம். ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில், கேரளாவோடு ஆடிய 2014 டிசம்பர் அரையிறுதியை மறக்காதவர்கள் அங்கே இருப்பார்கள். கொச்சியில் 3-0 தோல்வி, சென்னையில் அதே 3-0 திருப்பிக் கொடுத்தாயிற்று, கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோல், கேரளா இறுதிப்போட்டிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாம் இரண்டு தடவை கோப்பை வாங்கிவிட்டோம், 2015-லும் 2018-லும். இருந்தாலும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் மாறுபவர்கள் உண்டு. குடும்பங்கள் உட்காரும் ஸ்டாண்ட் என்றால் கதை வேறு.

இன்னொன்று. "எதிரணி ரசிகர்" என்றதும் பஸ் பிடித்து வேறு மாநிலத்திலிருந்து வருபவர் என்று படம் போட்டுக்கொள்கிறோம். ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே அப்படி இல்லை. சென்னையில் பிளாஸ்டர்ஸுக்குக் கத்தும் மலையாளிகளில் எத்தனையோ பேர் சென்னையிலேயே வேலை பார்த்து, சென்னையிலேயே வாடகை கொடுப்பவர்கள். உங்கள் நண்பரோ இன்னும் ஒரு படி மேலே. மாஹே 600 கிலோமீட்டருக்கு அப்பால் கேரளத்துக்கு நடுவே இருந்தாலும் புதுச்சேரிதான். அவர் ஊர் வண்டி பி.ஒய். 03, என் ஸ்கூட்டர் பி.ஒய். 01. புதுச்சேரிச் சட்டமன்றத்தில் அவர் ஊருக்கும் ஒரு எம்எல்ஏ. சொல்லப்போனால் கடலூர்க்காரரான நீங்கள்தான் எங்களுக்கு வெளிமாநிலம்! அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்த்து வளர்ந்த மனிதர், தன் அணி மூன்று மணி நேர பஸ் தூரத்தில் ஆட வருகிறது என்றால் ஆசைப்படாமல் என்ன செய்வார்?

ஆகவே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. முதலில் நம் அணி ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பேன். கடலூரில் ஆள் பஞ்சமா? பெண்கள் கால்பந்தில் உங்கள் ஊர் நாட்டுக்கே தெரிந்த ஊர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண்தானே. அண்ணா விளையாட்டரங்கத்துப் பக்கம் ஒரு சாயங்காலம் போய், பந்தோடு நிற்கும் பெண்களின் பயிற்சியாளரிடம் பேசிப் பாருங்கள். ஐஎஸ்எல் மேட்ச்சை நேரில் பார்க்காத பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். ஒரு பிள்ளையைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப முடியாது, துணைக்கு இன்னொரு டிக்கெட் வேண்டும், பஸ் செலவு இருக்கிறது, திரும்பி வர நடுராத்திரி ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் இது நடக்காமலும் போகலாம்.

அடுத்தது, கிளப்பே திரும்ப வாங்கிக்கொள்ளவோ மாற்றிக் கொடுக்கவோ வழி வைத்திருந்தால் அது. இங்கிலாந்தில் பல கிளப்களில், குறைந்தபட்சம் இத்தனை மேட்ச்சுக்காவது உங்கள் டிக்கெட் பயன்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டோம் என்று விதி உண்டு. வர முடியாவிட்டால் கிளப்பின் மறுவிற்பனைத் தளத்தில் போட்டாலும் பயன்பட்ட கணக்குதான். நல்ல விதி. காலி இருக்கையும் இல்லை, பிளாக்கும் இல்லை. நம் கிளப்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

இரண்டும் இல்லையென்றால் மாஹேக்காரர். ஆனால் நீங்கள் போட்ட விலைக்கு. 300 என்றால் 300. இதில் நான் பிடிவாதம். 1,500 கொடுத்தவர் 1,500-க்கு உரிய கொண்டாட்டத்தை எதிர்பார்ப்பார். கோல் விழுந்தால் கோட்டு ஜிப் திறக்கும். போட்ட விலைக்கு வாங்கியவரிடம், "மஞ்சள் ஜெர்சி வேண்டாம், வேற கலர்ல ஒரு சட்டை போட்டுட்டுப் போங்க சேட்டா" என்று உரிமையோடு சொல்லலாம், அவரும் கேட்பார். பக்கத்தில் வழக்கமாக உட்காருபவர் போன் நம்பர் இருந்தால், இன்றைக்கு என் இடத்தில் இன்னார் வருகிறார், பிளாஸ்டர்ஸ் ஆள், நல்ல மனிதர் என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு நான் அந்தப் பெரியவரிடம் முந்தின மேட்ச்சிலேயே இதைச் சொல்லியிருந்தால், அவர் தெர்மாஸைப் பத்திரமாக அந்தப் பக்கம் தள்ளி வைத்திருப்பார்.

கொடுக்கும்போது ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அதை அவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, ஒரே கியூஆர் கோடோடு இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, மற்றவர் உங்களுக்குப் போன் போடுவார், நீங்கள் அக்காவுக்கு வளையல் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆப்பில் மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதில் அவர் பேருக்கே மாற்றிவிடுங்கள். உள்ளே ஏதாவது நடந்தால் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்.

துரோகமா என்று கேட்டீர்கள். அக்கா வளைகாப்புக்கு வீட்டில் இருப்பதை எந்த ரசிகர் மன்றமும் துரோகம் என்று சொல்ல முடியாது. போட்ட விலைக்கு, சரியான ஸ்டாண்டில், பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்து கொடுப்பதையும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சீசன் தொடங்கும்போதே, கேரளா மேட்ச்சையும் பெங்களூரு மேட்ச்சையும் விற்றால் மீதி ஓசி என்று கணக்குப் போட்டு டிக்கெட் வாங்குபவரைச் சொல்வேன். அவர் ரசிகர் இல்லை, சின்ன அளவில் பிளாக் டிக்கெட் வியாபாரி. எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் லுங்கி மடிப்பில் டிக்கெட் வைத்துக்கொண்டு நின்ற ஆள், ரசிகன் என்று சொல்லிக்கொண்டாவது நிற்கவில்லை.

கடைசியாக ஒன்று தோன்றுகிறது. காசே வேண்டாம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுப் பாருங்களேன். உங்கள் நண்பருக்குக் கொச்சியில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தம்பியோ மாமனோ இருக்கலாம். சென்னையின் எஃப்சி அங்கே ஆடப் போகும்போது அந்த இருக்கை உங்களுக்கு, இந்த இருக்கை இப்போது அவருக்கு. கலூர் ஸ்டேடியத்தில் மஞ்சள் கூட்டம் முழுக்க எழுந்து நிற்கும்போது நடுவில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு அனுபவம். போவதாக இருந்தால் நீலச் சட்டையைக் கடலூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம் ஆள் கோல் அடித்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.